கொப்புள நோய்க்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்றால்

"ஸ்டீராய்டு வேண்டாம் டாக்டர்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதிலாக எந்த மருந்து, அது பிடிக்க ஆரம்பிக்கும்வரை தோலை எப்படிக் காப்பாற்றுவது என்ற இரண்டுக்கும் பதில் கையில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சால் பயன் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் சில நாட்களிலேயே புதுக் கொப்புளங்களைக் குறைக்கத் தொடங்கும். மாற்று மருந்துகளில் பல வாரக்கணக்கில் நேரம் எடுக்கும், சில மாதக்கணக்கில். ஆட்டம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மருந்து சரியாகவே இருக்கும். அது வேலை செய்வதற்குள் புண்ணில் கிருமி ஏறி, தூக்கம் போய், வேறு வழியில்லாமல் அதிக அளவு ஸ்டீராய்டில் போய் நிற்க வேண்டி வரும்.

ஸ்டீராய்டைத் தவிர்க்க முடியுமா என்பதை நோயின் பெயர்தான் முடிவு செய்கிறது, நம் விருப்பம் அதற்கப்புறம்தான். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் போட வைக்கும் ஆட்டோஇம்யூன் நோய்கள் பல. மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்பது முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாக வரும் சின்னக் கொப்புளம். அரிப்பு தாங்காமல் சொறிந்து உடைத்துவிடுவதால் டாக்டர் பார்க்கும்போது கொப்புளமே இருக்காது, கீறலும் பொருக்கும்தான் இருக்கும். இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை முதல் மருந்தே கிடையாது. புல்லஸ் பெம்ஃபிகாய்ட் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. கொப்புளம் விறைப்பாக, தொட்டால் உடையாமல் நிற்கும். இதில் மாத்திரை ஸ்டீராய்டு இல்லாமல் தொடங்கிப் பார்க்கப் பலருக்கு இடமிருக்கிறது. பெம்ஃபிகஸ் வல்காரிஸ் வேறு ரகம். பெரும்பாலும் வாயில் ஆறாத புண்ணாகத் தொடங்கும். கொப்புளம் தொளதொளவென்று இருந்து சீக்கிரம் கிழிந்து பச்சைப் புண்ணாகிவிடும். ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இதில் ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டை மறுப்பது ஆபத்தான பிடிவாதம். எவ்வளவு சீக்கிரம் குறைத்து நிறுத்தலாம் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

எந்த நோய் என்று கண்டுபிடிக்க பயாப்ஸி வேண்டும். அதில் எடுக்க வேண்டியது இரண்டு துண்டுத் தோல். ஒன்று, புதிதாக வந்த கொப்புளத்தின் ஓரத்திலிருந்து. அது ஃபார்மலினில் போகும். இன்னொன்று, கொப்புளத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் உடையாத தோலிலிருந்து; அது, தோலில் படிந்த ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) ஒளிரவைத்துக் காட்டும் டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ் பரிசோதனைக்கு. இந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் தோலில் படிந்திருக்கும் ஆன்டிபாடி தெரியாமல் போய், ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வரும். அதைக் கெடாமல் வைக்கும் மிஷெல் திரவத்தில் அனுப்ப வேண்டும், அல்லது ஒரு நாளைக்குள் லேபுக்குப் போய்ச் சேரும் என்றால் சாதாரண சலைனில் அனுப்பலாம். டப்பாக்களை லேபுக்கு எடுத்துப் போகிறவர் வீட்டு ஆள் என்றால், எந்த டப்பாவில் என்ன திரவம் என்று கேட்டு மேலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்த துண்டு பெம்ஃபிகாய்டில் பொய்யாக நெகட்டிவ் காட்டுவதுண்டு, வேறு இடம் இருந்தால் அங்கிருந்து எடுப்பது நல்லது. ரிப்போர்ட்டில் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வை ஒட்டிக் கோடு போல ஐஜிஜி என்ற ஆன்டிபாடியும் சி3 என்ற புரதமும் படிந்திருந்தால் பெம்ஃபிகாய்ட் வகை. மேல்தோல் செல்களைச் சுற்றி வலைப்பின்னல் மாதிரி ஐஜிஜி இருந்தால் பெம்ஃபிகஸ். மேல்தோலுக்குக் கீழே துகள் துகளாக ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி இருந்தால் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். கூடவே ரத்தத்தில் பிபி180, பிபி230 (பெம்ஃபிகாய்டில்), டெஸ்மோக்ளீன் 1, 3 (பெம்ஃபிகஸில்) ஆகிய தோல் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளின் அளவைப் பார்த்து வைத்தால், பின்னால் மருந்தைக் குறைக்கும்போது ஒப்பிட உதவும்.

பெம்ஃபிகாய்ட் என்று உறுதியானால், புது மருந்து எதையும் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏற்கனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிப்டின் வகை மாத்திரைகள், குறிப்பாக வில்டாகிளிப்டினும் லினாகிளிப்டினும், பெம்ஃபிகாய்டைத் தூண்டக்கூடியவை. தொடங்கி மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்துக்கூடக் கொப்புளம் வரலாம். அதனால்தான் "இதை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறாரே" என்று யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருந்தால் இன்னும் மோசம், வாங்குகிறவருக்கு அது மெட்ஃபார்மின் மட்டும்தான். சர்க்கரை டாக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய மறுநாளே கொப்புளம் நிற்காது, வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆனால் அதை நிறுத்தாமல் மற்ற மருந்தை எல்லாம் ஏற்றிக்கொண்டே போவது வீண். சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும், எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் பிடி-1 தடுப்பு மருந்துகளுக்கும் இந்தக் குணம் உண்டு. அதை நிறுத்துவதா தொடர்வதா என்பது புற்றுநோய் டாக்டரும் தோல் டாக்டரும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம்.

ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு நல்ல ஆதாரம் உண்டு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 253 பெம்ஃபிகாய்ட் நோயாளிகளை வைத்து நடந்த பிளிஸ்டர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு தினம் 200 மி.கி. டாக்ஸிசைக்ளின், இன்னொரு சாராருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. ஆறு வாரத்தில் மூன்று கொப்புளத்துக்கு மேல் இல்லை என்ற நிலைக்கு வந்தவர்கள் ஸ்டீராய்டில் 91 சதவீதம், டாக்ஸிசைக்ளினில் 74 சதவீதம். ஒரு வருஷத்தில் கடுமையான பக்கவிளைவு வந்தவர்களோ ஸ்டீராய்டில் சுமார் 36 சதவீதம், டாக்ஸிசைக்ளினில் 18. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பில் பாதிக்குப் பாதி லாபம். ஆனால் இந்த ஆய்வைக் காட்டிப் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முதல் மூன்று வாரத்தில் இரு சாராருக்கும் வாரம் 30 கிராமுக்குள் ஸ்டீராய்டு களிம்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. அதாவது தவிர்க்கப்பட்டது மாத்திரைதான். களிம்பையும் சேர்த்து மறுத்துவிட்டு 74 சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது. எங்களைக் கேட்டால், வயதானவர்களுக்கு அந்த முதல் வாரங்களில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை ஏற்றுக்கொள்வதே சரி. உள்ளே போகும் மாத்திரையின் தொல்லைகளில் கொஞ்சம்தான் அதில் உண்டு.

டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் விதத்தில்தான் கோளாறு நடக்கும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். இரண்டு நாள் கழித்து நெஞ்சு எரிகிறது, தண்ணீர் விழுங்கினாலும் வலிக்கிறது என்பார்கள். முழு டம்ளர் தண்ணீர், அதற்குப் பிறகு குறைந்தது அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுக்கையிலேயே இருக்கும் பெரியவருக்கு இரவு தூங்கும் நேரத்தில் கொடுக்கவே கூடாது. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு கொடுக்கலாம். பால், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இவற்றிலிருந்து இரண்டு மூன்று மணி நேரமாவது தள்ளிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. வெயில் பட்டால் தோல் சட்டென்று கன்றும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் கணக்கு) ஏறலாம், தொடங்கிய வாரத்திலேயே பார்க்க வேண்டும். இதோடு நிகோட்டினமைடு 500 மி.கி. மூன்று வேளை சேர்ப்பது வழக்கம். கடையில் நியாசினைக் கொடுத்துவிட்டால் முகமும் மார்பும் சிவந்து தகிக்கும். இரண்டும் பி3 வைட்டமின்தான் என்றாலும் இங்கே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

அடுத்தது டாப்சோன். டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸுக்கு இது கைகண்ட மருந்து. சரியான அளவு போனால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு விழுந்துவிடும், அவ்வளவு வேகம். லீனியர் ஐஜிஏ என்ற இன்னொரு கொப்புள நோய்க்கும், சில பெம்ஃபிகாய்ட், வாய், கண் போன்ற இடங்களைத் தாக்கும் சளிச்சவ்வுப் பெம்ஃபிகாய்ட் நோயாளிகளுக்கும் உதவும். ஆனால் இதைப் போல ரத்தப் பரிசோதனையோடு கட்டிப்போட்டு வைக்க வேண்டிய மாத்திரையும் குறைவு.

தொடங்கும் முன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் அளவு பார்த்தே ஆக வேண்டும். அந்த நொதி குறைவாக உள்ளவருக்கு டாப்சோன் கொடுத்தால் சிவப்பணுக்கள் மொத்தமாக உடையும். 25 அல்லது 50 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், பெரியவர்களில் பலருக்கு 100 மி.கி. போதும். ஜி6பிடி சரியாக இருந்தாலும் இந்த அளவில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் இறங்குவது வழக்கம். 13 உள்ளவருக்கு அது பெரிதாகத் தெரியாது. இதய அடைப்பு உள்ள, ஏற்கனவே 10-ல் நிற்பவருக்கு அதே இறக்கம் மூச்சு வாங்க வைக்கும். முதல் மாதம் வாரம் ஒரு முறை ரத்த எண்ணிக்கை, அப்புறம் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று பார்ப்பது ஒரு நல்ல ஒழுங்கு. ஈரல், சிறுநீரகப் பரிசோதனையும் கூடவே வேண்டும்.

உதடும் நகமும் லேசாக நீலம் பாய்ந்து தலை வலித்தால், ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபின் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அப்போது நம்ப முடியாத கருவி. மெத்தீமோகுளோபின் கூடக் கூட, ரத்தத்தில் உண்மையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தாலும் அது 85 பக்கமே நின்றுகொள்ளும். அவசரப் பிரிவில் போய்ச் சேர்ந்தால் "டாப்சோன் சாப்பிடுகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் நுரையீரலில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு கண்கட்டு வித்தை, சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும். சிவப்பணுக்கள் முழு ஆயுசு வாழாததால் அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமில்லை, அவ்வளவுதான் காரணம். ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மருந்தைக் குறைத்துவிடாமல், விரல் நுனிச் சோதனையை நம்புங்கள்.

முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத்துக்கு மேல் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல், மஞ்சள் காமாலை என்று வந்தால் அது டாப்சோன் ஒவ்வாமை நோய்க்குறி. உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஏற்கனவே தோல் நோய் உள்ளவருக்குத் தடிப்பு வந்தால் "நோய்தான் கூடுகிறது" என்று நினைத்து அளவை ஏற்றிவிடும் அபாயம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து பிடிக்கும்வரையிலான வாரங்களுக்கு வருவோம். விறைத்து நிற்கும் பெரிய கொப்புளத்தை அப்படியே விட்டால் புரண்டு படுக்கும்போது கிழிந்து மேல்தோல் உரிந்துவிடும். அதற்கு முன்னால் நாமே நீரை இறக்கிவிடுவது மேல். கையை சோப்புப் போட்டுக் கழுவி, சலைனால் கொப்புளத்தைத் துடைத்து, புதுப் பாக்கெட்டிலிருந்து எடுத்த ஸ்டெரைல் ஊசியைக் கொப்புளத்தின் தாழ்ந்த பக்கத்தில், தோலுக்கு இணையாகச் சாய்த்து நுழைக்க வேண்டும். துளை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். மிகச் சின்னத் துளை அடைத்துக்கொண்டு மறுபடி நீர் கோத்துவிடும். காஸ் துணியால் மேலிருந்து மெதுவாக அழுத்தினால் வைக்கோல் நிறத் திரவம் வடியும், கொப்புளத்தின் கூரை தழைந்து புண்ணின் மேல் படியும். அந்தக் கூரையை வெட்டி எடுக்கக் கூடாது, அதைவிட நல்ல கட்டுத்துணி கிடையாது. மறுநாள் திரும்ப நிறைந்தால் திரும்பக் குத்துங்கள். சின்னக் கொப்புளங்களைத் தொட வேண்டாம்.

உரிந்த இடத்தில் ஒட்டாத கட்டு வேண்டும், பாரஃபின் தோய்த்த காஸ் அல்லது சிலிகான் படலம். வெறும் காஸை வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதிதாக வளர்ந்த தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்திரி எந்தக் காரணம் கொண்டும் தோலில் படக் கூடாது. சுருள் கட்டாலோ குழாய்க் கட்டாலோ நிறுத்துங்கள். நீர் ஒழுகும் புண்ணுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறல் நன்றாக உலர்த்தும். 400 மி.கி. மாத்திரை ஒன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அதாவது பத்தாயிரத்துக்கு ஒரு பங்கு. நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கத்தரிப்பூ நிறம் வந்தால் அது தோலைப் பொசுக்கும். பத்து, பதினைந்து நிமிடம் போதும், ஒழுகல் நின்றதும் ஊறலையும் நிறுத்திவிடுங்கள். நகத்தில் முன்னாலேயே வாசலின் தடவினால் பழுப்புக் கறை பிடிக்காது. இந்த மாத்திரையைச் சாப்பிடும் மாத்திரைகளோடு வைக்கவே கூடாது. விழுங்கி உயிர் போனவர்கள் உண்டு. பாரஃபின் களிம்பு ஊறிய துணியும் படுக்கை விரிப்பும் சுலபமாகத் தீப்பற்றும், விளக்கு, அடுப்பு, சிகரெட் பக்கம் போக வேண்டாம்.

கட்டு மாற்றுவதற்கு முன்னால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. அரிப்புக்குத் தூக்கம் வரும் ஆன்டிஹிஸ்டமினை முதியவருக்குக் கொடுத்தால், ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயம் உண்டு. கொப்புளம் பரவலாக இருந்தால் அதன் வழியே உடம்பிலிருந்து நீரும் புரதமும் போய்க்கொண்டே இருக்கும். பசியில்லை என்று சாப்பாட்டைக் குறைப்பவருக்குப் புண் ஆறாது.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் புதுக் கொப்புளங்களை மட்டும் எண்ணி, உடம்பின் முன்பக்கம், பின்பக்கம் வரைந்த தாளில் குறியுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். புதிது வருவது நிற்பதுதான் மருந்து பிடித்ததற்கு அடையாளம், பழையது ஆற இன்னும் நாளாகும்.

டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸில் டாப்சோன் தோலை மட்டும்தான் அடக்குகிறது. வேர் குடலில், சில தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தில் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை மூன்றையும், அவற்றிலிருந்து வரும் மால்ட் போன்றவற்றையும் முழுக்க நிறுத்த வேண்டும். கொஞ்சமாகச் சாப்பிடலாமே என்பது இங்கே எடுபடாது. தோலில் பலன் தெரிய மாதங்கள் ஆகும், டாப்சோனை முழுசாக விட இரண்டு வருஷம்கூட ஆகலாம். பயாப்ஸியும், குடல் குளூட்டனை ஏற்காததைக் காட்டும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும் முடியும் முன்னால் பத்தியத்தைத் தொடங்கினால் நோயின் தடயம் கலைந்துபோகும். அயோடின் அதிகமுள்ள மருந்துகளும் கடற்பாசி மாத்திரைகளும் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும்.

மெத்தோட்ரெக்சேட், அசதியோப்ரின், மைகோஃபினோலேட் இவற்றை ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மருந்துகள் என்பார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். தெரியாமல் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் அழிந்து இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதுங்கள், கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை அதோடு சேர்க்க விடாதீர்கள். அசதியோப்ரினுக்கு முன், உடம்பு அந்த மருந்தை எப்படிக் கையாளும் என்று காட்டும் டிபிஎம்டி, நட்15 பரிசோதனை செய்வது நல்லது. யூரிக் அமிலத்துக்கு அலோபுரினால் சாப்பிடுகிறவரானால் அதை டாக்டருக்குச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பெம்ஃபிகஸில் ஆட்டத்தை மாற்றியது ரத்தத்தில் ஏற்றும் ரிட்டுக்ஸிமாப் மருந்து. அமெரிக்காவில் 2018-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. 1000 மி.கி. வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றுவது வழக்கமான அளவு. 2017-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், ரிட்டுக்ஸிமாபோடு குறுகிய கால ஸ்டீராய்டு பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருஷ முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம்தான். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்பதால்தான் அந்தக் குறுகிய கால ஸ்டீராய்டு. ஏற்றும் முன்னால் ஹெபடைட்டிஸ் பி-க்கு மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டையும் பார்க்க வேண்டும், தூங்கிக்கிடக்கும் வைரஸ் எழுந்தால் ஈரல் போய்விடும். தடுப்பூசிகளை நான்கு வாரம் முன்பே போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது. பெம்ஃபிகாய்டுக்கு டுப்பிலுமாப் என்ற ஊசி 2025 ஜூனில் அமெரிக்க அனுமதி பெற்றது. முதலில் 600 மி.கி., பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. அதுவும் படிப்படியாகக் குறையும் ஸ்டீராய்டோடு சேர்த்துத்தான். கண் சிவந்து உறுத்துவது இதன் வழக்கமான தொல்லை.

ஏற்கனவே ஸ்டீராய்டில் இருப்பவர் மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவே கூடாது. அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆளையே சாய்த்துவிடும். "ஸ்டீராய்டே இல்லை" என்று விற்கும் லேபிள் இல்லாத பொடி, களிம்பு எதையாவது தடவியோ சாப்பிட்டோ மூன்றே நாளில் கொப்புளம் மறைந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றே சந்தேகப்படுங்கள்.

மருந்தைக் குறைக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டும். டாப்சோன் என்றால் 25 மி.கி. குறைத்து, சில வாரம் புதுக் கொப்புளங்களைக் குறிக்கும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த படி. பெம்ஃபிகாய்டில் ஒரே மாதத்தில் மூன்று புதுக் கொப்புளமோ தடிப்போ வந்தால், அல்லது பத்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிதான ஒரு தடிப்பு ஒரு வாரத்தில் ஆறாவிட்டால், நோய் திரும்பியதாகக் கணக்கு. ஒன்றிரண்டு வந்து ஒரு வாரத்துக்குள் தானாக ஆறினால் பதற வேண்டியதில்லை. ஆனால் கண் சிவந்து இமை உள்ளே ஒட்டுவது போலிருந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், அங்கே விழும் தழும்பு பார்வையைப் பறித்துவிடும். தண்ணீர்கூட விழுங்க முடியாமல் தொண்டையில் புண், குரல் மாறி மூச்சு இரைப்பது, குளிரோடு காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சூடாகச் சிவந்து பரவுவது, இவற்றில் எது வந்தாலும் ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள்.